டன்மோர் தெருவின் எல்ம் நிழல்

டன்மோர் தெருவில் இருந்த நாற்பத்திரண்டு எல்ம் மரங்களையும் 1962 ஆகஸ்டில் நகராட்சி வெட்டிக்கொண்டு போனது. நிழலை யாரும் எடுத்துப் போகவில்லை, அது அங்கேயே கிடந்தது. முதல் வாரம் இதை ஒருவரும் கவனிக்கவில்லை. மரத்துக்கு நோய் கண்டுவிட்டது, வெட்டியாகிவிட்டது, அடிக்கட்டையையும் தோண்டிப் புல் போட்டாகிவிட்டது. ஆனாலும் எல்லோரும் பழக்கத்தில் நிழலோரமாகவே நடந்து போய் வந்துகொண்டிருந்தார்கள். பத்தாம் நாள் தபால்காரர்தான் நடுத்தெருவில் நின்று அண்ணாந்து பார்த்தார். மேலே வெறும் வானம். கீழே அவருடைய சட்டை மீது இலை நிழல் அசைந்துகொண்டிருந்தது. காலையில் மேற்கே நீண்டது, மாலையில் கிழக்கே நீண்டது. அக்டோபரில் இலை உதிர்த்து வெறும் கிளையானது, மே மாதம் தளிர்த்தது. சில நாள் அதில் அணில் நிழல்கூட ஓடும். தெரு நாய்கள் ஒரு மாதம் குரைத்துப் பார்த்துவிட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டன. ஜூலை மாதம் பக்கத்துத் தெருவைவிட டன்மோரில் பத்து டிகிரி சூடு குறைவு. இதற்காக யாரும் நன்றி சொன்னதாகத் தெரியவில்லை, புகாரும் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடமும் தெருவில் இருந்தவர்கள் அத்தனை பேரும் வெள்ளைக்காரர்கள் என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது.

ஊரின் பெயர் கார்விக் ஹைட்ஸ். ஹைட்ஸ் என்றால் மேடு, ஆனால் மேடு பெயரில்தான் உண்டு. ஒரு பந்தை வைத்தால் அது வைத்த இடத்திலேயே நிற்கும். க்ளீவ்லண்ட் நகர எல்லை முடிகிற தெருவைத் தாண்டினால் இந்த ஊர். 1924இல் ஒரு நில வியாபாரி முட்டைக்கோஸ் தோட்டங்களை வாங்கி, டிராம் பாதை போட்டு, ஆலைக் கரி எட்டாது ஆனால் இருபது நிமிடத்தில் வேலைக்குப் போய்விடலாம் என்று விளம்பரம் செய்தார். செங்கல் வீடு, முன்னால் மரத்தூண் வைத்த போர்ச் என்னும் திண்ணை, நடைபாதைக்கும் தெருவுக்கும் நடுவில் ஒரு புல் பட்டை, அதில் வீட்டுக்கு ஒரு எல்ம். பத்திரத்தில் பன்னிரண்டாவது நிபந்தனையாக, வேலைக்காரராகத் தவிரக் கறுப்பர் எவரும் இந்த மனையில் குடியிருக்கக் கூடாது என்று நல்ல கையெழுத்தில் எழுதியிருந்தது. பின்னால் கோர்ட்டு அது செல்லாது என்றது. செல்லாத காகிதத்தைத்தான் மனிதர்கள் அதிகம் மனப்பாடம் செய்கிறார்கள்.

1964 ஏப்ரலில் லூதர் ஹேர்ஸ்டனும் அவர் மனைவி வெர்னெலும் டன்மோரில் வீடு வாங்கினார்கள். லூதருக்கு உருக்காலையில் உலை வேலை, வெர்னெலுக்குப் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. இருவரும் அலபாமாவிலிருந்து ஒரே பேருந்தில் வந்தவர்கள். மனைவியை இழந்த ஒரு கிழவர், அக்கம்பக்கத்துக்குச் சொல்லாமல் வீட்டை விற்றுவிட்டுத் தங்கையிடம் போய்விட்டார். முதல் மாலை லூதர் போர்ச் படியில் உட்கார்ந்து, தன் முழங்காலில் விழுந்த இலை நிழலைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார்.

"மரம் எங்கடி?"

"விக்கும்போது அவர் ஒண்ணும் சொல்லல. நிழல் இருக்குல்ல, மரத்தை எதுக்குத் தேடுற?" என்றாள் வெர்னெல்.

லூதர் உலைக்கு முன்னால் பதினோரு வருடம் நின்றவர். சட்டையைக் கழற்றிவிட்டு அந்த நிழலில் உட்கார்ந்திருந்தார். மறுநாள் பக்கத்து வீட்டுத் திருமதி நோவோட்னி, கசகசா வைத்த பன் ஒரு தட்டு கொண்டுவந்து கொடுத்தாள். நல்லவள்தான், பின்வாசல் வழியாக வந்தாள்.

அந்த வாரமே தொலைபேசி மணிகள் அடிக்க ஆரம்பித்தன. வீட்டுத் தரகர்கள் எல்லோரும் சாப்பிடும் நேரமாகப் பார்த்துக் கூப்பிடுவார்கள். உங்கள் தெருவில் ஆள் மாறுகிறது, தெரியுமா, இன்றைக்கு இந்த விலை, அடுத்த மாதம் இது கிடைக்காது. பீதியில் விற்றவர்களிடம் குறைந்த விலைக்கு வாங்கி, வேறெங்கும் வீடு கிடைக்காத எங்களைப் போன்ற கறுப்பர்களுக்கு ஒன்றரை மடங்குக்கு விற்றார்கள். இதற்குப் பெயர் வியாபாரம். நகராட்சி கவலைப்பட்டு, யாரும் வாசலில் விற்பனைப் பலகை வைக்கக் கூடாது என்று சட்டம் போட்டது. அதனால் யார் போகிறார்கள் என்பது லாரி வந்து நின்ற பிறகுதான் தெரிந்தது. ஐந்து வருடத்தில் நாற்பத்தொரு குடும்பங்கள் போயின. நெடுஞ்சாலை அப்போதுதான் திறந்திருந்தது. பதினைந்து மைல் தள்ளி, இரண்டு கார் நிற்கும் கொட்டகையோடு புது வீடுகள் காத்திருந்தன. போனவர்களோடு பல் டாக்டர் போனார், வங்கிக் கிளை போனது, ஐஸ்கிரீம் கடை போனது, பள்ளிக்கூடத்தின் இசை வாத்தியங்கள்கூட ஒரு கோடை விடுமுறையில் எப்படியோ போய்விட்டன. டிராம் தண்டவாளத்தை அதற்கு முன்பே பெயர்த்திருந்தார்கள்.

திருமதி நோவோட்னி அந்த வருடம் ஆகஸ்டிலேயே போனாள். போகிற சனிக்கிழமை காலை, இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு வாசலுக்கு வந்து, லினோலியம் தரைவிரிப்பு வெட்டுகிற வளைந்த கத்தியால் தன் வீட்டு முன் நிழலை நாலு பக்கமும் நேர்கோடாக அறுத்தாள். மகன்கள் அதைப் பாய் போலச் சுருட்டினார்கள். கனமாக இருந்திருக்க வேண்டும், சின்னவன் இரண்டு முறை கீழே வைத்து மூச்சு வாங்கினான். வெர்னெல் தன் போர்ச்சில் நின்று பார்த்தாள்.

"அதை எதுக்கு எடுத்துட்டுப் போறீங்க, திருமதி நோவோட்னி?"

"எங்க மாமனார் நட்ட மரம். எங்களுக்கு உரிமை இருக்கு."

"மரம் உங்களுதுதான். நிழல் தெருவுக்குன்னு நெனச்சேன்."

"தப்பா நெனச்சுக்காதே, வெர்னெல். உன்மேல எனக்கு ஒண்ணும் இல்ல."

"இல்லாம இருக்கிறதுக்கே இவ்வளவு சுருட்டுறீங்களே" என்றாள் வெர்னெல்.

லாரி போய்விட்டது. அந்த வீட்டின் முன்னால் நடைபாதையும் புல் பட்டையும் முற்றமும் சேர்ந்து ஒரு சதுரம், வெட்ட வெயிலில் வெள்ளையாகக் கிடந்தது. இரண்டு பக்கமும் குளிர்ந்த நிழல், நடுவில் அடுப்பு. தெருக் குழந்தைகள் அந்த இடத்தை ஓடித்தான் கடப்பார்கள்.

வெள்ளைக்காரர்களில் கடைசிக் குடும்பம் போன 1969 கோடையில் முதல் நோட்டீஸ் வந்தது. நிழல் ஏழு வருடமாக இருந்தது. அதுவரை அது யார் கண்ணையும் உறுத்தவில்லை. நகராட்சி ஆய்வாளர் கெர்னி என்பவர் படிவப் புத்தகத்தோடு வந்து வெர்னெலின் வாசலில் நின்றார். தெருவிளக்கின் வெளிச்சம் மறைகிறதாம், சட்டப்படி தவறாம். படிவத்தில் நிழலுக்குக் கட்டம் கிடையாது. அவர் சற்று யோசித்துவிட்டு 'மரம்' என்ற கட்டத்தில் குறி போட்டு, எல்ம், எழுபது அடி, முப்பது நாளில் வெட்டவும் என்று எழுதி முத்திரை குத்தினார்.

"மரம் எங்க இருக்கு, சார்? காட்டுங்க, நானே வெட்டுறேன்" என்றாள் வெர்னெல்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. நிழல் இருக்கு, அப்போ மரமும் இருக்கணும்."

முப்பது நாள் கழித்து இரண்டு பேர் ரம்பத்தோடு வந்து, அண்ணாந்து பார்த்துவிட்டு, சாப்பாட்டு டப்பாவைத் திறந்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அடுத்த கோடையில் அதே நோட்டீஸ், எழுபத்தொரு அடி. அதற்கடுத்த கோடையில் எழுபத்திரண்டு. நிழல் உண்மையிலேயே வளர்ந்துகொண்டிருந்தது, கெர்னி அளந்துதான் எழுதினார். அந்த விஷயத்தில் நாணயமானவர். வெர்னெல் ஒவ்வொன்றையும் சமையலறை இழுப்பறையில் போட்டு வைத்தாள்.

எங்கள் தெருச் சங்கம் பிறந்தது அந்த வருடங்களில்தான். முனையில் பலகை வைத்தோம்: பந்து விளையாடக் கூடாது, தெருவில் கார் கழுவக் கூடாது, சத்தமாகப் பாட்டு வைக்கக் கூடாது, புல் நான்கு அங்குலத்தைத் தாண்டக் கூடாது. சட்டம் எட்டு அங்குலம் வரை விட்டது. நாங்கள் நான்கு வைத்தோம். புல் ஒழுங்காக இருந்தால் நம்மை யாரும் எதுவும் செய்ய முடியாது என்று நம்பினோம். இந்த நம்பிக்கையை எங்களுக்குள் யார் போட்டது என்று தெரியவில்லை. ஆள் கையில் கிடைத்தால் சும்மா விடுவதாக இல்லை. சனிக்கிழமை காலை டன்மோர் முழுக்கப் புல்வெட்டி ஓடும். ஆள் இல்லாத வீட்டின் புல்லையும் பக்கத்து வீட்டுக்காரர் வெட்ட வேண்டும், பலகையில் இல்லாவிட்டாலும் அதுவும் விதி. ஒரு வீட்டில் புல் வளர்ந்தால் தெருவுக்கே கெட்ட பெயர்.

நோவோட்னி வீடு கை மாறி மாறி, 1986இல் ஒரு வங்கியிடம் போய்ச் சேர்ந்தது. வங்கிக்குப் புல் வெட்டத் தெரியாது. வாடகைக்கும் விடவில்லை, விற்கவும் இல்லை, கேட்டுக் கடிதம் போட்டால் வேறு ஊரிலிருந்து பதில் வரும். அதனால் இரண்டு கோடையாக லூதர் தன் புல்லை முடித்துவிட்டு வங்கியின் புல்லையும் வெட்டினார். 1988 ஜூலையில் ஒரு சனிக்கிழமை, மூன்று வாரமாக மழை இல்லை, வானொலியில் வெளியே வராதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னைக்கு விடு, லூதர். புல்லே காஞ்சு கெடக்கு, எதை வெட்டப் போற?"

"களை வளந்திருக்கு. திங்கக்கிழமை கெர்னி வருவான். பத்து நிமிஷம்" என்றார் லூதர்.

நிழலில் வெட்டும்வரை ஒன்றுமில்லை. சதுரத்துக்குள் போய் மூன்றாவது வரிசையில் விழுந்தார். ஆம்புலன்ஸும் நின்ற எங்கள் தீயணைப்பு நிலையத்தை முந்தின வருடம்தான் செலவு மிச்சம் என்று மூடியிருந்தார்கள், ஆம்புலன்ஸ் பக்கத்து ஊரிலிருந்து வந்து சேர இருபத்தாறு நிமிடம். அவரை நிழலுக்குத் தூக்கி வந்தோம், ஐஸ் வைத்தோம், பிரயோசனம் இல்லை. அவர் விழுந்த இடத்துக்கும் நிழலுக்கும் நடுவில் நாலு அடி. நான் என் காலாலேயே அளந்திருக்கிறேன். ஐம்பத்தேழு வயது, உலைக்கு முன்னால் முப்பத்தைந்து வருடம் நின்றும் சாகாத மனிதர், வங்கியின் களையை வெட்டும்போது செத்தார். அடக்கத்துக்கு மறுநாள் அந்த வருடத்து நோட்டீஸ் வந்தது, எண்பத்தொன்பது அடி, வெட்டவும். வெர்னெல் அதையும் இழுப்பறையில் போட்டாள். அடுத்த சனிக்கிழமையிலிருந்து பக்கத்து வீட்டுப் புல்லை அவளே வெட்டினாள், தலையில் ஈரத்துண்டு போட்டுக்கொண்டு. வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னோம்.

அப்புறம் கொஞ்ச காலம், வருடம் தவறாமல் வந்த நோட்டீஸைத் தவிர, எங்களை எல்லோரும் மறந்திருந்தார்கள், அது நன்றாகவே இருந்தது. 2003இல் மறுபடி ஞாபகம் வந்தது. நகரத்துக்கு இருபது நிமிடத்தில் போய்விடலாம் என்பதை ஒரு கட்டட நிறுவனம் புதிதாகக் கண்டுபிடித்திருந்தது. டன்மோரை இடித்துவிட்டுக் கீழே கடை, மேலே அடுக்குமாடி என்று திட்டம். இடிக்க வேண்டுமென்றால் தெரு சிதைந்துபோனது என்று நகராட்சி அறிவிக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரு ஓடு விலகியிருக்காது, புல் மூன்றரை அங்குலம். அதனால் சிதைவுக்குப் புது விளக்கம் எழுதினார்கள்: இரண்டு குளியலறை இல்லாத வீடு, வீட்டோடு ஒட்டிய இரட்டைக் கார் கொட்டகை இல்லாத வீடு, சிதைந்த வீடு. அந்தக் கணக்கில் மேயர் வீடும் சிதைந்ததுதான். ஊரே சிரித்தது. சிரித்துவிட்டு எங்கள் தெருவில் பாதிப் பேர் பயந்துபோய்க் கிடைத்ததற்கு விற்க விலை பேச ஆரம்பித்தார்கள். வெர்னெலுக்கு வயது அறுபத்தொன்பது. வீட்டைக் காலி செய்யத் தொண்ணூறு நாள் என்று கதவில் ஒட்டிவிட்டுப் போனார்கள். அவள் அதைக் கிழிக்காமல் பத்திரமாக உரித்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

விசாரணை நகராட்சி மன்றத்தில் நடந்தது. வாசலிலேயே பச்சைப் பலகை, மரம் வளர்க்கும் நகரம் என்று. அந்தப் பட்டத்துக்காக ஆறு வருடம் முன்பு ஒரு சட்டம் போட்டிருந்தார்கள்: ஐம்பது வயதைத் தாண்டிய மரத்தின் நிழல் விழுகிற நிலத்தில் யாரும் மண்வெட்டி போடக் கூடாது, நகராட்சி உட்பட. பணக்காரத் தெருக்களின் ஓக் மரங்களை மனதில் வைத்துப் போட்ட சட்டம். வெர்னெல் சர்ச்சுக்குப் போகிற ஊதாத் தொப்பியை வைத்துக்கொண்டு, இழுப்பறையையே கழற்றிக் கையில் தூக்கிக்கொண்டு வந்தாள். மேசை மேல் வைத்து அந்தச் சட்டத்தைப் படித்துக் காட்டினாள்.

"அம்மா, அங்க மரமே இல்லையே" என்றார் நகராட்சி வக்கீல்.

"இதை நீங்க முப்பத்துநாலு வருஷத்துக்கு முன்னாடி சொல்லியிருக்கணும்."

நோட்டீஸ்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். எல்ம், எழுபது அடி, நகராட்சி முத்திரை. எல்ம், எழுபத்தொன்று, முத்திரை. 1988ஐ எடுத்தபோது மட்டும் கை நின்றது.

"இது என் புருஷனப் பொதச்ச மறுநாள் வந்தது. அன்னைக்கு மரம் இருந்துச்சு, எண்பத்தொம்பது அடி. இன்னைக்கு உங்களுக்குக் கடை கட்டணும்னதும் மரத்தைக் காணோமா? எங்க போச்சு, நான் தின்னுட்டேனா?"

வக்கீல் ஓய்வு பெற்ற கெர்னியைக் கூப்பிட்டார். கெர்னி கிழவர், காது மந்தம். மரத்தைக் கண்ணால் பார்த்தீர்களா என்று கேட்டதற்கு, நான் பொய்யாக எதையும் எழுதியதில்லை என்று கோபமாகச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். மன்றம் ஒரு மணி நேரம் உள்ளே போய்ப் பேசிவிட்டு வந்தது. ஒன்று, முப்பத்தைந்து நோட்டீசும் பொய் என்று பதிவு செய்ய வேண்டும். இல்லையென்றால் மரம் உண்டு. பொய் சொன்னோம் என்று எழுதுவதைவிட மரம் இருக்கிறது என்று எழுதுவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. நிழல் விழாத நோவோட்னி வீடு ஒன்றைத் தவிர டன்மோர் தெருவில் எதையும் இடிக்க முடியாது என்று ஆனது. அது ஒன்றை மட்டும் இடித்து அங்கே கடைத்தெரு கட்ட முடியாது. நாங்கள் கை தட்டினோம். வெர்னெல் தட்டவில்லை. இழுப்பறையை எடுத்துக்கொண்டு, "இத்தனை வருஷம் இதைத்தான் வாய்ல சொன்னேன். காகிதமாச் சொன்னாத்தான் கேக்குமா இவங்களுக்கு" என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினாள். வீடு போயிருந்தால் என்னவாகியிருப்போம் என்ற கோபம் வீடு நிலைத்த பிறகும் அவளுக்கு அடங்கவில்லை. எங்களுக்கும்தான்.

கட்டடங்கள் பக்கத்துத் தெருவில் எழும்பின. காபிக் கடை வந்தது, சைக்கிள் கடை வந்தது, பதினைந்து மைல் தள்ளிப் போனவர்களின் பேரப்பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து போர்ச் வைத்த பழைய வீடு வேண்டும் என்று கேட்டார்கள். தெருவில் ஒரு குளுமை இருக்கிறது என்று அவர்களே எங்களுக்குச் சொன்னார்கள். 2016 வசந்தத்தில் நோவோட்னி வீட்டை ஒரு இளம்பெண் வாங்கினாள். பெயர் ப்ரூக், ஆஸ்பத்திரியில் கம்ப்யூட்டர் வேலை. ஜூன் மாதம் தன் முற்றம் மட்டும் தீய்வதைப் பார்த்துவிட்டு வெர்னெலின் படியருகே வந்து நின்றாள்.

"வெர்னெல், ஒண்ணு கேக்கணும்..."

"மிஸ் வெர்னெல்" என்று திருத்தினாள் வெர்னெல்.

"மிஸ் வெர்னெல். என் வீட்டுக்கு முன்னாடி மட்டும் ஏன் வெயில்?"

வெர்னெல் சொன்னாள். ஒன்றும் குறைக்காமல், கத்தி, இரண்டு மகன்கள், 1988, நாலு அடி, எல்லாம் சொன்னாள். ப்ரூக் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவள் திருமதி நோவோட்னியின் பேத்தி. சின்ன வயதில் பாட்டி வாயிலிருந்து கேட்ட தெருப் பெயருக்காகத்தான் இந்த வீட்டை வாங்கியிருந்தாள். பாட்டி வீட்டில் கிடந்த சுருள் எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. புது ஊரில் அந்த நிழலை விரித்தபோது ஒட்டவே இல்லையாம், குழந்தைகள் வழுக்கி விழுந்தார்களாம், மறுபடி சுருட்டி நிலவறையில் கொதிகலனுக்குப் பின்னால் சாய்த்து வைத்தார்கள். இன்னும் அங்கேதான் இருக்கிறது. உரிமை என்று சொல்லி எடுத்துப் போன பொருள், ஐம்பத்திரண்டு வருடம் யாருக்கும் உதவாமல் தூசி குடித்தது. இதைக் கேட்டபோது வந்த ஆத்திரம் இதை எழுதும்போதும் வருகிறது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை நண்பகலில், கார் கூரையில் கட்டி அதைக் கொண்டுவந்து இறக்கினாள். கட்டை அவிழ்க்கக் குனிந்தபோது போர்ச்சிலிருந்து வெர்னெலின் குரல் வந்தது.

"முதல்ல புல்லை வெட்டு."

"இந்த வெயில்லயா?"

"இந்த வெயில்லதான்."

ப்ரூக் வெட்டினாள். முதல் வரிசை, இரண்டாவது, மூன்றாவது. தெருவே போர்ச்சுகளில் நின்று பார்த்தது. வெர்னெலின் பக்கத்தில் ஸ்டூலில் ஐஸ் போட்ட தண்ணீர் ஜாடி இருந்தது.

"தண்ணி வேணும்னா வாயத் தொறந்து கேளு" என்றாள். "லூதர் கேக்கல."

ப்ரூக் கேட்டாள். வெர்னெல் எண்பத்திரண்டு வயதில் ஒவ்வொரு படியாக இறங்கி, வெயிலுக்குள் நடந்து போய்க் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள். பிறகு இருவரும் ஆளுக்கொரு முனையைப் பிடித்து நிழலை விரித்தார்கள். மடிப்புகளில் வெடித்திருந்தது, கொதிகலன் எண்ணெய் வாடை அடித்தது. ஆனால் வெயில் பட்டதும் மெதுவாக அசைந்து, இலை இலையாகப் பிரிந்து, தரையோடு ஒட்டிக்கொண்டது. பொருந்தத்தான் இல்லை. தெருவின் நிழல் இத்தனை வருடம் வளர்ந்திருந்தது, இது 1964இல் நின்றுபோன நிழல். கிளையோடு கிளை சேரவில்லை, நாலு பக்கமும் கையகலத்துக்கு வெயில் விட்டுப்போனது. இரண்டு பக்கமும் கொஞ்சம் இழுத்துப் பார்க்கலாமா என்று ப்ரூக் கேட்டாள்.

"விடு. இருக்கட்டும்" என்றாள் வெர்னெல். "பாக்கறவங்க பாக்கட்டும்."

அந்தக் கையகல வெயில் இப்போதும் இருக்கிறது. நிழல் நகர நகர அதுவும் நகர்ந்து, நண்பகலில் லூதர் விழுந்த இடத்தின் மேலாகப் போகும், அந்த நேரத்தில் யாரும் அதை மிதிப்பதில்லை, சங்கப் பலகையில் ஐந்தாவது விதியாக அதையும் எழுதியிருக்கிறோம். பக்கத்தில் வெர்னெல் வீட்டுப் புல்லையும் சனிக்கிழமைகளில் ப்ரூக்கே வெட்டுகிறாள், மூன்றரை அங்குலம். மற்றபடி தெருவில் நல்ல நிழல்.